அவைக்கு அஞ்சாமல் பேசக் கற்போம்



 

இன்று நாம் சிந்திப்பதற்கு எடுத்துக்கொண்ட விடயம், தொழில் சார்ந்த மாநாடுகளிலும் கருத்தரங்குகளிலும் அச்சமின்றி எழுந்து பேசும் ஆற்றலை வளர்த்துக்கொள்வது எவ்வாறு என்பதாகும். "நாங்கள் கடலுக்குப் போகின்றவர்கள், எங்களுக்கும் மாநாட்டுக்கும் என்ன தொடர்பு?" என்று சிலாவத்துறையிலோ, அரிப்பிலோ, கொண்டச்சியிலோ இருந்து ஒருவர் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கின்றது. நமது வலையையும் படகையும் பற்றிய தீர்மானங்கள் நெடுந்தொலைவிலுள்ள மண்டபங்களில், ஒலிவாங்கிக்கு முன்னால் எடுக்கப்படுகின்றன. அங்கே பேசியவரின் சொல் அறிக்கையில் ஏறுகின்றது. பேசாதவரின் துன்பமோ அவரோடேயே வீடு திரும்பிவிடுகின்றது.

நமது கரையின் வரலாற்றைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிரித்தானியர் காலத்தில் முத்துக்குளிப்புப் பருவம் வந்துவிட்டால், சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் வெறும் மணற்பரப்பின்மீது சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழுந்துவிடும். கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் சுழியோடிகளும் வணிகர்களும் வந்து கூடினார்கள். கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஏலத்தில் விற்றது. எஞ்சிய ஒரு பங்கே மூழ்கி எடுத்தோருக்குக் கிடைத்தது. 1906 ஆம் ஆண்டில் இம் முத்துப் படுக்கைகள் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்திற்கு விடப்பட்டன. ஒருசில ஆண்டுகளுக்குள் முத்தும் அருகிப்போயிற்று. குத்தகையைப் பேசி முடித்த மேசையில், மூச்சடக்கி மூழ்கியவனுக்கு ஓர் இருக்கை இருக்கவில்லை.

இன்று நிலைமை ஓரளவு மாறியிருக்கின்றது. இழுவைப் படகுகளால் வலைகள் அறுபடுவதும் கடலடி சிதைவதும் வட பகுதிக் கடற்றொழிலாளரின் நீண்டகாலத் துயரமாகும். இதைப் பற்றிப் பேசுவதற்காக இலங்கை, இந்தியக் கடற்றொழிலாளர் பிரதிநிதிகள் 2014 ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையிலும், அதே ஆண்டு மே மாதத்தில் கொழும்பிலும், 2015 மார்ச்சில் மீண்டும் சென்னையிலும், 2016 நவம்பரில் புதுதில்லியிலும் நேருக்கு நேர் அமர்ந்தார்கள். 2017 ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி, கடலடி இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. அதற்குப் பின்னால் கடற்றொழிலாளரின் இடைவிடாத முறையீடு இருந்தது. உலக அளவிலும் இதுவே நிலை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சிறு அளவிலான கடற்றொழிலுக்கென வகுத்த வழிகாட்டல்களுக்கு 2014 இல் உறுப்பு நாடுகள் ஒப்புதல் அளித்தன. அவற்றை ஆக்குவதற்காக 120 க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 4,000 க்கும் மேற்பட்டோரின் கருத்துகள் கேட்கப்பட்டன. கடற்றொழிலாளர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆகவே கதவு திறந்திருக்கின்றது. உள்ளே சென்று பேசுவதற்கு நம்மில் யார் ஆயத்தமாக இருக்கின்றோம் என்பதே கேள்வி.

நேயர்களே! இவ்விடத்தில் நமது சமூகத்திற்கே உரிய ஒரு தடையையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் முசலிப் பிரதேசத்து மக்களும் அடங்குவர். புத்தளத்தின் முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. நெருக்கடி மிகுந்த வகுப்பறைகளில், "அகதிப் பிள்ளை" என்ற பெயரைச் சுமந்துகொண்டு படித்த பிள்ளை, கையுயர்த்திக் கேள்வி கேட்கத் தயங்கியதில் வியப்பில்லை. 2009 இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பின்னரும் அந்தத் தயக்கம் பலரோடு திரும்பி வந்தது. "நமக்கு ஏன் வீண் வம்பு? பெரிய மனிதர்கள் பேசட்டும்" என்பது அதன் மொழியாகும்.

அத் தயக்கத்தை உடைத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வடக்கு முஸ்லிம்கள் சாட்சியம் அளித்தார்கள். வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி ஆராய்ந்த குடிமக்கள் ஆணைக்குழு ஒன்றும், சாதாரண ஆண்களும் பெண்களும் கூறியவற்றைக் கேட்டுப் பதிந்து, 2011 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. பேசப் பயிலாத வாய்கள் அன்று பேசியிராவிடில், அந்த ஏடுகள் வெறுமையாகவே இருந்திருக்கும்.

இனி, அச்சம் என்பது யாது எனப் பார்ப்போம். பலர் முன்னிலையில் எழுந்து நிற்கும்போது நெஞ்சு படபடக்கின்றது, நா வறள்கின்றது, கை நடுங்குகின்றது. இதைக் கோழைத்தனம் என்று எண்ணிப் பலர் தம்மைத் தாமே இகழ்ந்துகொள்கின்றனர். உண்மையில் இது அல்லாஹ் நம் உடலில் அமைத்திருக்கும் ஓர் ஆயத்தமாகும். முக்கியமான ஒன்றை எதிர்கொள்ளும் வேளையில் அட்ரினலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து இதயத்தை விரைவாகத் துடிக்கச் செய்கின்றது. நடுக்கடலில் சோழகக் காற்று திடீரெனப் பலமாக எழும்பும்போது படகோட்டியின் உடல் விழித்துக்கொள்வதும் இவ்வாறே. அவர் அதை அச்சமென்று சொல்லிப் படகைக் கைவிடுவதில்லை. அந்த விழிப்பைக் கொண்டே சுக்கானைப் பிடிக்கின்றார்.

இது பற்றிய இரு ஆய்வு முடிவுகள் அறியத்தக்கவை. உளவியலாளர்களான சவிற்ஸ்கி, கிலோவிச் ஆகிய இருவரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பேசுபவர் தம் பதற்றம் எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரிகின்றது என்று நினைக்கும் அளவுக்கு அது கேட்போருக்குத் தெரிவதில்லை என்பது புலப்பட்டது. இவ்வுண்மையை முன்கூட்டியே அறிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். 2014 இல் அலிசன் வூட் புரூக்ஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வோ, பேசுமுன் "நான் அமைதியாக இருக்கின்றேன்" என்று தம்மை அடக்க முயன்றவர்களைக் காட்டிலும், "நான் உற்சாகமாக இருக்கின்றேன்" என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசியதாகக் காட்டியது. எனவே படபடப்பு நின்ற பிறகுதான் பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். படபடப்போடேயே எழுந்து நில்லுங்கள். முதல் நிமிடம் கடந்ததும் அது தணியத் தொடங்கும்.

பேச்சுக்கு முன் தயங்குவது இழிவன்று என்பதற்கு மூஸா (அலை) அவர்களின் வரலாறே போதுமானது. கொடுங்கோலனான பிர்அவ்னிடம் செல்லுமாறு பணிக்கப்பட்டபோது, அவர்கள் தம் நெஞ்சை விரிவாக்கும்படியும், காரியத்தை இலகுவாக்கும்படியும், மக்கள் விளங்கிக்கொள்ளும் வண்ணம் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படியும் இறைவனிடம் வேண்டினார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். இவ்வேண்டுதலில் அவர்கள் புகழைக் கேட்கவில்லை, அலங்காரமான நடையையும் கேட்கவில்லை. கேட்போர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். பணியிலிருந்து விலகவும் இல்லை. நாமும் மாநாட்டுக்குச் செல்லும்போது ஒரு துணையோடு செல்வது நன்று. எதிரே அமர்ந்திருக்கும் அறிமுகமான ஒரு முகம் நமக்குத் தரும் தைரியம் பெரிது.

அடுத்து, நமது நிலைமைக்கு மிக நெருக்கமான ஒரு நிகழ்வைக் கவனியுங்கள். மக்காவில் துன்புறுத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ கி.பி. 615 ஆம் ஆண்டளவில் கடல் கடந்து அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களைத் திருப்பி அழைத்து வருவதற்காகக் குறைஷியர் பரிசுப் பொருட்களுடன் தூதுவர்களை அனுப்பினார்கள். மன்னர் நஜ்ஜாஷி இரு தரப்பையும் விசாரிக்க முடிவு செய்தார். அந்நிய நாடு, அரசவை, எதிரே செல்வாக்குமிக்க தூதுவர்கள். பேசப் போகின்றவர்களோ இடம்பெயர்ந்தவர்கள். அவர்கள் முதலில் ஒன்றுகூடி என்ன சொல்வது என ஆலோசித்தார்கள். விளைவு எதுவாயினும் தமக்குக் கற்பிக்கப்பட்ட உண்மையையே சொல்வதென்று உறுதி கொண்டார்கள். பின்னர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எல்லோர் சார்பிலும் எழுந்து பேசினார்கள். இச்செய்தியை நமக்கு விரிவாக அறிவித்தவர், அக்குழுவில் ஒருவராக இருந்த பெண்மணி உம்மு ஸலமா (ரலி) அவர்கள் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஜஃபர் (ரலி) அவர்களின் உரை அமைந்த ஒழுங்கைப் பாருங்கள். முன்பு நாங்கள் எந்நிலையில் இருந்தோம், எங்களிடம் என்ன மாற்றம் வந்தது, அதனால் எங்களுக்கு என்ன இழைக்கப்பட்டது, உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது என்ன என்ற நான்கு படிகளே அதில் இருந்தன. எதிர்த்தரப்பை வசைபாடும் சொற்களால் அவையை நிரப்பவில்லை. கேட்கின்ற மன்னரின் நீதியுணர்வை நோக்கிப் பேசினார்கள். முடிவில் மன்னர் அவர்களைக் கையளிக்க மறுத்துவிட்டார்.

நேயர்களே, நாம் இன்று சொல்ல விரும்பும் மையக் கருத்து இதில்தான் இருக்கின்றது. "என்னைப் பற்றி இவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று எண்ணும்வரை அச்சம் வளர்ந்துகொண்டேயிருக்கும். "இவர்கள் அறிய வேண்டிய எதை என் ஊரவர் என்னிடம் கொடுத்து அனுப்பியிருக்கின்றார்கள்?" என்று எண்ணத் தொடங்கியதும் அது சுருங்கும். மேடையில் நிற்பவர் ஓர் அமானிதத்தைச் சுமந்து நிற்கின்றார். அமானிதத்தை ஒப்படைப்பதில் கவனம் குவியும்போது, தன்னைப் பற்றிய கூச்சத்திற்கு இடம் குறைந்துவிடுகின்றது.

இதனைப் பழக்கத்திற்குக் கொண்டுவரும் வழிகளை இனிக் கூறுவோம்.

முதலாவது, நன்கறிந்த ஒரே ஒரு விடயத்தைத் தெரிவு செய்யுங்கள். கடலைப் பற்றி எல்லாம் பேச முனைந்தால் எதுவும் மனதில் பதியாது. அறுந்த வலைகளைப் பற்றிப் பேசுவதாயின், ஒரு கொப்பியில் திகதியையும், இடத்தையும், எத்தனை வலைத்துண்டு சேதமடைந்தது என்பதையும், அதைத் திருத்த எத்தனை நாள் தொழில் இழக்கப்பட்டது என்பதையும் மாதந்தோறும் எழுதி வையுங்கள். பட்டம் பெற்றவர்கள் நிறைந்த சபையிலும், அந்தக் கொப்பியில் உள்ளதை உங்களைவிட நன்கறிந்தவர் எவரும் இருக்கமாட்டார். தன்னம்பிக்கைக்கு இதைவிட உறுதியான அத்திவாரம் வேறில்லை.

இரண்டாவது, உரையை நான்கு படிகளில் அமையுங்கள். முன்பிருந்த நிலை, நேர்ந்த மாற்றம், அதனால் விளைந்த பாதிப்பு, நாம் வேண்டுவது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் போதும். மாநாட்டில் பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கும். வேண்டுகோளைச் சொல்லுமுன் மணி அடித்துவிட்டால், சொன்னவை யாவும் புலம்பலாகவே முடிந்துவிடும்.

மூன்றாவது, முதல் இரண்டு வாக்கியங்களையும் இறுதி வாக்கியத்தையும் மனனம் செய்யுங்கள். இடைப்பட்டவற்றைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முழு உரையையும் மனனம் செய்தவர் ஒரு சொல் மறந்தாலும் தடுமாறிவிடுகின்றார். எழுதியதை அப்படியே வாசிப்பவரோ கேட்போரின் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான்காவது, வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது போதாது. வலை பொத்தும் வாடியிலும் கடற்கரையிலும் நின்று உரத்துச் சொல்லுங்கள். கையடக்கத் தொலைபேசியில் பதிந்து கேளுங்கள். தன் குரலைக் கேட்க முதலில் கூச்சமாகவே இருக்கும். மூன்றாம் முறை அந்தக் கூச்சம் குறைந்து, திருத்த வேண்டிய இடங்கள் புலப்படும்.

ஐந்தாவது, நிதானமாகப் பேசுங்கள். நபி (ஸல்) அவர்கள், ஒருவர் எண்ண விரும்பினால் சொற்களை எண்ணிவிடக்கூடிய அளவுக்கு நிதானமாகப் பேசினார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கின்றார்கள். இது நமது நாட்டு மாநாடுகளுக்கு மிகவும் பொருந்தும். அங்கே சிங்களத்திற்கும் ஆங்கிலத்திற்கும் நமது பேச்சு மொழிபெயர்க்கப்படுகின்றது. நாம் விரைந்து பேசினால் மொழிபெயர்ப்பாளர் பாதியைத் தவறவிடுவார். தவறிய பாதி அறிக்கையில் வராது. ஆகவே சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். எண்களையும் ஊர்ப் பெயர்களையும் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் முன்னரே கொடுத்துவிடுங்கள். கரைவலைப் பாடு, கடலட்டை போன்ற தொழிற்சொற்களை அவருக்கு விளக்கி வையுங்கள். தமிழில் பேசுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. அது அரச கரும மொழியாகும். தெளிவற்ற ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழே நமது கருத்தைக் காக்கும்.

ஆறாவது, கேள்விகளுக்கு அஞ்சாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததற்கு, "இதனை எங்கள் சங்கத்தில் கேட்டறிந்து எழுத்தில் அனுப்புகின்றேன்" என்று கூறுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி ஓர் எண்ணைத் தவறாக உரைத்தால், உண்மையான எண்களும் சந்தேகத்திற்கு உள்ளாகும். சபையில் எவரேனும் சினமூட்டினாலும் குரலை உயர்த்த வேண்டாம். ஒரு மிடறு தண்ணீர் அருந்தும் நேரம் பதிலைச் சிந்திக்கப் போதுமானது.

ஏழாவது, படிப்படியாக ஏறுங்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் கூட்ட அறிக்கையை வாசியுங்கள். பின்னர் சமாசத்தில் ஒரு பிரேரணையை முன்மொழியுங்கள். அதன்பின் மாவட்டச் செயலகத்துக் கூட்டம், அதற்குப் பிறகு கொழும்பு. ஆழங்குறைந்த கரையில் நீந்தப் பழகாதவனை எவரும் ஆழ்கடலில் இறக்கிவிடுவதில்லை.

பெற்றோர்களே! இப்போது உங்களிடம் சில வார்த்தைகள். பிள்ளையின் சபைக்கூச்சம் பெரும்பாலும் வீட்டிலேயே வித்திடப்படுகின்றது. பெரியோர் பேசும்போது பிள்ளை குறுக்கிடாதிருப்பது நல்லொழுக்கம். ஆயினும், அவர் தம் முறை வந்து பேசும்போது நாம் செவிமடுக்கின்றோமா? "உனக்கென்ன தெரியும், வாயை மூடு" என்று நாள்தோறும் கேட்டு வளர்ந்த பிள்ளையை, இருபது வயதில் ஒலிவாங்கியின் முன் நிறுத்தி ஊருக்காகப் பேசு என்றால் அவர் எங்ஙனம் பேசுவார்? இரவு உணவின்போது வாப்பாவும் உம்மாவும் ஐந்து நிமிடம் பிள்ளை சொல்வதை இடைமறிக்காமல் கேட்பது அவருக்குக் கிடைக்கும் முதற் சபையாகும். மீலாத் விழாவிலும் தமிழ்மொழித் தினப் போட்டியிலும் அவர் மறந்து நின்றால், வீட்டுக்கு வந்ததும் நகையாடாதீர்கள். மேடைக்கு ஏறியதைப் பாராட்டுங்கள்.

பெண் பிள்ளைகளையும் இதிலிருந்து ஒதுக்கிவிட வேண்டாம். மீன் காயவைப்பதிலும், விற்பதிலும், குடும்பத்தின் கடன் கணக்கைச் சுமப்பதிலும் நமது பெண்களின் பங்கு பெரிது. அவர்கள் அறிந்ததை அவர்களே சொல்லும்போதுதான் அது முழுமையாக வெளிவரும்.

வடக்கின் முஸ்லிம்களுக்கு இத்துறையில் முன்மாதிரி இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. 1911 இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, 1935 இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிமாகத் திகழ்ந்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகவும், செனட் சபை உறுப்பினராகவும் இருந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் அவையோர் மதிக்கப் பேசினார். சிறுபான்மையினருள் சிறுபான்மையாக வாழ்ந்த ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட அவருக்குக் கல்வியே துணை நின்றது.

திருவள்ளுவரும் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கின்றார். முதலில் அவையை அறிய வேண்டும், பிறகு அஞ்சாதிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு அதில் அமைந்திருக்கின்றது. அறியாமல் அஞ்சாதிருப்பது வெறும் துணிச்சல். அறிந்தும் அஞ்சி வாளாவிருப்பதோ ஊருக்கு இழப்பு.

ஆகவே அன்பார்ந்த இளைஞர்களே, யுவதிகளே! உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டம் எப்போது என்று இன்றே கேட்டறியுங்கள். ஒரு கொப்பியை வாங்கி முதற் பக்கத்தில் திகதியை இடுங்கள். அக்கூட்டத்தில் எழுந்து நின்று உங்கள் பெயரைக் கூறி, ஒரு கேள்வியையேனும் கேளுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். கேள்வி பதிவாகிவிடும்.

அல்லாஹ் நம் நெஞ்சங்களை விரிவாக்கி, உண்மையைத் தெளிவாக எடுத்துரைக்கும் நாவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.